தனித்தனிக் கிண்ணம்

சபைக்கு முன்னால் எழுந்து நின்று நான் இரண்டு முறை பேசியிருக்கிறேன். முதல் முறை, எல்லாரும் ஒரே பாத்திரத்தில் குடிப்பது சரியல்ல என்று பேசினேன். இரண்டாம் முறை, முன்பு அப்படிப் பேசியது தவறு என்று பேசினேன். இரண்டு முறையும் முன்பெஞ்சில் இருந்தவர்கள் தலையாட்டி ஒப்புக்கொண்டார்கள். அந்த இரண்டாவது தலையாட்டலைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். முதலாவதைச் சொல்லாமல் அது விளங்காது.

விருத்தாசலத்தில் எங்கள் சபை சிறியது. மிஷன்காரர்கள் கட்டிவிட்டுப் போன ஓட்டுக் கட்டடம், பிறகு வந்த கமிட்டிகள் முன்புறம் நீட்டிக் கட்டிய தளம், ஒரு மணிக்கூண்டு. இடதுபக்கம் பெண்கள், வலதுபக்கம் ஆண்கள். அதற்கு மேல் இன்னொரு பிரிவினையும் இருந்தது. முன்பெஞ்சுகளில் ஊர்க் குடும்பங்கள், பின்பெஞ்சுகளில் காலனிக் குடும்பங்கள். எந்தப் பெஞ்சிலும் பெயர் எழுதியிருக்கவில்லை, யாரும் யாரையும் எழுப்பி விட்டதாக நான் கேள்விப்பட்டதும் இல்லை. எழுப்பிவிட வேண்டிய இடத்தில் யாரும் போய் உட்கார்ந்ததில்லை, அவ்வளவுதான். நாங்கள் காலனி. அப்பா பின்னாலிருந்து இரண்டாவது பெஞ்சின் ஓரத்தில் உட்காருவார்.

மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. பீடத்தின் முன்னால் இருந்த மரக்கிராதியில் வரிசையாக மண்டியிட்டு, போதகர் கையிலிருந்து அப்பமும், பிறகு திராட்சரசமும் வாங்குவோம். ரசத்துக்கு ஒரே பாத்திரம். வெள்ளி முலாம் பூசியது. போதகர் அதை ஒருவர் வாயிலிருந்து எடுத்து, விளிம்பை வெள்ளைத் துணியால் துடைத்து, அடுத்தவர் வாயில் வைப்பார். முன்பெஞ்சிலிருந்து தொடங்கி வரிசை பின்னால் வரும். ஆகவே அவர்கள் குடித்த பிறகு நாங்கள் குடித்தோம். நாங்கள் குடித்த பிறகு அவர்கள் குடித்ததே இல்லை. இதை நான் இப்படி இரண்டு வாக்கியமாகப் பிரித்து எழுத எனக்குப் பல வருஷம் ஆனது.

இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்கள். நான் ஊரிலேயே பீங்கான் தொழில்நுட்பம் டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தேன். அப்பா தொழிற்பேட்டையில் ஒரு சின்ன யூனிட்டில் அச்சு வார்க்கும் வேலையில் இருந்தார். ஃப்யூஸ் கட்டைகள், கொலு பொம்மைகள், டிசம்பர் வந்தால் குடில் பொம்மைகள். பாதி நாள் தலைமுடியிலும் புருவத்திலும் வெள்ளைத் தூசியோடுதான் வீட்டுக்கு வருவார்.

அந்தச் சமயம் சபைக்குப் புதுப் போதகர் வந்தார். இளம் வயது, தெற்குப் பக்கத்துக்காரர். ஒரு முதல் ஞாயிற்றுக்கிழமை, பாத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, “இன்னைக்குக் கடைசி பெஞ்சுல இருந்து வாங்க” என்றார். அதற்கு முன்னும் பின்னும் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. நாங்கள் தயங்கித் தயங்கிப் போனோம். எங்களுக்குப் பிறகு முன்பெஞ்சின் முறை வந்தபோது, அங்கே பலருக்கு அன்றைக்கு வயிறு சரியில்லாமல் போயிருந்தது. எழுந்து வரவில்லை. அடுத்த மாதமும் அவர் அதையே சொன்னார். அடுத்த மாதமும் அவர்களுக்கு வயிறு சரியில்லை.

மூன்றாவது மாதம் சபைக் கமிட்டி சுகாதாரத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்கியது.

ஒரு சாயங்காலம் கமிட்டியின் செக்ரட்டரி எங்கள் வீடு தேடி வந்தார். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். எனக்கு நினைவு தெரிந்து அவர் காலனிக்குள் வந்தது அதுதான் முதல் தடவை.

“என்னய்யா, வூட்லதான் இருக்கியா?”

அப்பா சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டே, “வாங்க சார், வாங்க. பாப்பா, சேர் எடுத்துப் போடு” என்றார்.

செக்ரட்டரி உட்கார்ந்து, வந்த காரியத்தைச் சொன்னார். ஊரில் மஞ்சள்காமாலை சுற்றுகிறது. ஒரே பாத்திரத்தில் வாய் வைப்பது காலத்துக்கு ஏற்றதல்ல. பட்டணத்துச் சபைகளில் ஆளுக்கொரு சின்னக் கிண்ணம் வந்துவிட்டது. “நம்ம ஊரே பீங்கான் ஊரு. நாம எதுக்குய்யா வெளிய வாங்கணும்? உங்கையால செஞ்சா சபைக்கே பெருமை இல்ல?”

அப்பா “செஞ்சிடலாம் சார்” என்று மட்டும் மூன்று தரம் சொன்னார்.

செக்ரட்டரி என் பக்கம் திரும்பினார். “நீ என்னாம்மா படிக்கற? பீங்கானுதான? அடுத்த வாரம் சபைக் கூட்டத்துல நீ எழுந்து ரெண்டு வார்த்தை சொல்லு. நாங்க சொன்னா கமிட்டி சொல்லுதும்பாங்க. படிச்ச புள்ள சொன்னா கேட்டுக்குவாங்க.”

இதற்கு வேறு காரணம் இருக்கலாம் என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை என்று சொன்னால் நம்பக் கடினம். வயது பத்தொன்பது. நீர் உறிஞ்சும் தன்மை, கண்ணாடிப் பூச்சு, மேற்பரப்பின் நுண்துளைகள் என்று வகுப்பில் படித்ததை ஊரில் ஒருவர் முதன்முதலாகக் கேட்க வந்திருந்தார். அதுவும் ஹெட்மாஸ்டர். நான் நோட்டில் வரிசையாக எழுதினேன். ஒன்று, முலாம் தேய்ந்த உலோகத்தில் கீறல்கள் உண்டு. இரண்டு, துணியால் துடைப்பது சுத்தம் செய்வதாகாது, பரப்புவதாகும். மூன்று, நன்றாக வெந்த பீங்கான் தண்ணீரை உறிஞ்சாது, வெந்நீரில் கொதிக்க வைக்கலாம். நான்கு, ஆளுக்கு ஒன்று என்றால் தொற்றுக்கு வழியே இல்லை.

கூட்டத்தில் அதை அப்படியே சொன்னேன். முன்பெஞ்சு கூர்ந்து கேட்டு, ஒவ்வொரு குறிப்புக்கும் தலையாட்டியது. போதகர் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

“ஏம்மா, இத்தனை வருஷமா குடிக்கிறோம். அதனால யாருக்காவது சீக்கு வந்திருக்கா?”

“வரலைங்கறதால வரவே வராதுன்னு சொல்ல முடியாதுங்க ஐயா” என்றேன்.

முன்பெஞ்சில் சிரிப்பு எழுந்தது. “போடு!” என்று யாரோ மெல்லச் சொன்னார்கள். போதகரும் லேசாகச் சிரித்தார். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அவருடைய அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று இன்று எனக்குத் தெரியும். அவர் அந்த வருஷம் முடிவதற்குள் வேறு ஊருக்கு மாற்றப்பட்டார். அதற்குள் கிண்ணம் வந்துவிட்டது.

கிண்ணத்தை அப்பா எப்படிச் செய்தார் என்று எழுதினால் பக்கங்கள் போதாது. பெருவிரலின் மேல் கணு அளவு உயரம். கெட்டிக் களிமண்ணில் மாதிரி, அதன்மேல் பிளாஸ்டர் அச்சு, அதற்குள் கரைத்த களிமண்ணை ஊற்றி, சுவர் சேர்ந்ததும் மிச்சத்தைக் கவிழ்த்து விடுவது. காய்ந்து, வெந்து வரும்போது எட்டில் ஒரு பங்கு சுருங்கும் என்று நான் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். முதலில் வந்த கிண்ணங்களின் வாய் கோணிப்போயிற்று. சுவரைச் சற்றுத் தடிப்பாக்கினார். முதலாளியிடம் கெஞ்சி, ஃப்யூஸ் கட்டைகளுக்கு நடுவே இருந்த இடைவெளிகளில் வைத்துச் சூளைக்குள் அனுப்பினார். வெளியே வந்த நாளில் ஒன்றை உள்ளங்கையில் கவிழ்த்து, விரல் நகத்தால் தட்டி, என் காதருகே பிடித்தார். “கேளு, மணியாட்டம் இருக்குது.”

தச்சர் இரண்டு மரத்தட்டுகள் செய்தார். கிண்ணம் நிற்க வட்ட வட்டமாகத் துளைகள். இனி கிராதிக்கு யாரும் எழுந்து வர வேண்டியதில்லை. தட்டு பெஞ்சுக்கு வரும். ஒரு தட்டு முன்பெஞ்சிலிருந்து பின்னோக்கிப் போகும், இன்னொன்று கடைசிப் பெஞ்சிலிருந்து முன்னோக்கி வரும். யார் முதல், யார் கடைசி என்ற பேச்சே எழாது. இரண்டு தட்டுகளும் நடுவில் எங்கோ தீர்ந்துவிடும், ஒன்றையொன்று சந்திக்காது. பின் தட்டை அப்பா எடுத்து வந்தார். ஆராதனை முடிந்ததும் கிண்ணங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து வெந்நீரில் அலசி, வெள்ளை வேட்டியின் மேல் கவிழ்த்துக் காயவைப்பார். அம்மாவைக்கூடத் தொடவிடமாட்டார்.

“ஆமா, நான் தொட்டாத்தான் ஒடஞ்சிடப் போவுது” என்பாள் அம்மா. “கட்டிக்கிட்டு வந்தப்ப என்னைக்கூட இப்படி ஒருநாள் பாத்துக்கல.”

ஒவ்வொரு வருஷமும், கோயில் கட்டித் திறந்த நாளைக் கொண்டாடும் பிரதிஷ்டைப் பண்டிகையில் செக்ரட்டரி நன்றி சொல்லும்போது அப்பாவையும் ஒரு வரியில் சேர்த்துக்கொள்வார். சபையில் அவருக்கு ஒரு பெயர் உண்டாயிற்று. கிண்ணம் செஞ்சவரு. முன்பெஞ்சுக்காரர்கள்கூட அவரைத் தெருவில் பார்த்தால் நின்று, “என்னய்யா, சௌக்கியமா?” என்று கேட்டார்கள். காலனியில் அப்படிக் கேட்கப்பட்டவர் அவர் ஒருவர்தான். இந்தப் பெருமை அவருக்கு எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். நான் பிறகு செய்ததை அது தெரிந்துதான் செய்தேன்.

டிப்ளமோவுக்குப் பிறகு சென்னையில் ஒரு தொழிற்சாலையில் வேலை. மின்சாதனங்களுக்குப் பீங்கான் பாகங்கள் செய்யும் இடம். சில வருஷங்கள் கழித்து, புது உலையைப் பழகிக்கொண்டு வருவதற்காக என்னையும் இன்னொருவரையும் மூன்று மாதத்துக்கு அமெரிக்கா அனுப்பினார்கள். மாசசூசெட்ஸில் ஆற்றங்கரையோரம் ஒரு பழைய மில் ஊர். புறப்படும் முன் ஊருக்குப் போயிருந்தபோது செக்ரட்டரி பிடித்துக்கொண்டார்.

“அந்தப் பக்கம் ரொம்பப் பழைய சர்ச்சுங்க இருக்குதாம்மா. ராஜா சொல்ற மாதிரி சாமி கும்புட மாட்டேன்னு கப்பலேறிப் போனவங்க கட்டினது. விசுவாசத்துக்காக ஊரையே விட்டவங்க. பாத்துட்டு, போட்டோ எடுத்துக்கிட்டு வா. பண்டிகைக்கு வந்து நம்ம ஜனங்களுக்குச் சொல்லு.”

அப்பாவும் அதையே சொன்னார். “மறக்காம போய்ப் பாத்துட்டு வா பாப்பா.”

போனேன். மே மாதம் ஒரு சனிக்கிழமை, தங்கியிருந்த இடத்திலிருந்து நடந்தே போனேன். செக்ரட்டரி சொன்ன அந்தக் கப்பலேறியவர்கள், ப்யூரிட்டன்கள், அந்த ஊரில் வந்து குடியேறிய சில வருஷங்களுக்குள் தொடங்கிய சபை. முதல் கட்டடம் எரிந்துபோய், இப்போது நிற்பது மூன்றாவது. அதுவே எங்கள் ஊர் மிஷன் கட்டடத்துக்குத் தாத்தா வயது. வெள்ளைப் பலகைச் சுவர்கள். உள்ளே படம் இல்லை, சிலுவை இல்லை, நிறக்கண்ணாடி இல்லை. சாதாரணச் சன்னல்கள் வழியே வெயில் அப்படியே தரையில் விழுந்தது. அலங்காரம் எதுவும் கடவுளுக்கு வேண்டியதில்லை என்று எண்ணியவர்கள். எனக்கு முதலில் அது மிகவும் பிடித்திருந்தது. தேவைக்கு மேல் ஒரு ஆணிகூட இல்லாத கட்டடம்.

சுற்றிக்காட்ட ஒரு வயதான அம்மாள் இருந்தார். சம்பளமில்லாமல் செய்பவர். அன்றைக்கு வந்தவள் நான் ஒருத்திதான். அதனால் நிதானமாகக் காட்டினார்.

பெஞ்சுகள் இல்லை. இடுப்பளவு பலகையால் அடைத்த சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கதவு, கதவில் எண். குளிருக்காகவா என்று கேட்டேன். குளிருக்கும்தான் என்றார். ஆனால் யார் எந்த அறையில் உட்கார வேண்டும் என்று தீர்மானிக்க அந்தக் காலத்தில் ஒரு கமிட்டி இருந்ததாம். வயது, சொத்து, தகப்பன் யார், பதவி என்ன என்று பார்த்து இடம் ஒதுக்குவார்கள். இடம் ஒரு வரிசை பின்னால் போனதற்காக வருஷக்கணக்கில் பேசாமல் இருந்த குடும்பங்கள் உண்டு என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன்.

பின்பக்கத்தில் குறுகலான தனிப்படி. மேலே ஒரு மரப்பரண். அடிமைகளும் வேலைக்காரர்களும் அந்த மண்ணின் பழைய குடிகளும் உட்கார்ந்த இடம். வாசலிலிருந்து நேராக மேலே ஏறிவிடலாம், கீழே இருப்பவர்களுக்கு நடுவே நடந்து வர வேண்டியதில்லை. நான் ஏறிப் பார்த்தேன். முன்னால் ஒரு தூண். கடைசி மூலையில் உட்கார்ந்தால் பிரசங்க மேடையில் பாதிதான் தெரிகிறது. பிரசங்கியின் ஒரு தோளும் ஒரு கையும் மட்டும் தெரிந்திருக்கும்.

இங்கிலாந்தில் யாரோ தங்கள் மனசாட்சியை அடக்கினார்கள் என்பதற்காகக் கடலைத் தாண்டியவர்கள். காட்டை வெட்டிக் கூரை போட்டதும் முதல் வேலையாக, யார் எங்கே உட்காருவது என்று கமிட்டி போட்டிருக்கிறார்கள். அந்தப் பரணில் உட்கார்ந்தபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை. இந்த இடம் எனக்கு முன்பே தெரியும் என்பதுபோல இருந்தது.

கீழே இறங்கியதும் அந்த அம்மாள் ஒரு கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார். மேல்தட்டில் இரண்டு கைப்பிடி வைத்த ஒரு வெள்ளிப் பாத்திரம். அதன் கீழ்த்தட்டில், வட்ட வட்டமாகத் துளையிட்ட மரத்தட்டு. துளைகளில் சின்னச் சின்னக் கண்ணாடிக் கிண்ணங்கள்.

“என் அப்பா இதே மாதிரி செய்திருக்கிறார், பீங்கானில்” என்று சொல்லிவிட்டேன். அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டார். எங்கே, எப்படி, எத்தனை அங்குலம் என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பிறகு, நீங்கள் ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டேன்.

“கிருமி என்று கமிட்டிக் குறிப்பில் எழுதியிருக்கிறது” என்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே தொடர்ந்தார். “ஆனால் இருநூறு வருஷத்துக்கு மேல் ஒரே பாத்திரத்தில் குடித்தவர்கள்தானே? ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மில் தொழிலாளிகள் வந்து சபையில் சேரத் தொடங்கினார்கள். வேறு தேசத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்களை வேண்டாம் என்று சொல்ல முடியாது. கிருமிகளை நாங்கள் கண்டுபிடித்தது அந்த வருஷம்தான்.” பிறகு என் முகத்தைப் பார்த்து, “உங்கள் சபை ஏன் மாற்றியது?” என்று கேட்டார்.

மஞ்சள்காமாலை என்றேன்.

போட்டோ எடுத்தேன். வெளிச்சுவர், கதவில் எண், தனிப்படி, பரண், தூண், கண்ணாடிப் பெட்டி. வெளியே வந்து படியில் உட்கார்ந்து, நான் பத்தொன்பது வயதில் நோட்டில் எழுதிய நான்கு குறிப்புகளையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். நான்கும் சரி. இன்றைக்கும் சரி. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. பொய் ஒன்றுகூடச் சொல்லாமல் நான் அவர்களுக்கு அந்த வேலையைச் செய்து கொடுத்திருந்தேன். போதகர் புரட்டிப்போட்ட வரிசையை யாரும் சண்டை போட்டுத் திருப்பி வைக்கவில்லை. காலனிப் பெண் ஒருத்தி பீங்கானின் குணங்களைச் சொல்லித் திருப்பி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா போனில் கேட்டார். “எப்டி இருந்துச்சு சர்ச்சு?”

“நல்லா இருந்துச்சுப்பா. ரொம்பப் பழசு.”

“நம்மளது மாதிரி கிண்ணம் வச்சிருக்காங்களா?”

“வச்சிருக்காங்க. கண்ணாடில.”

“கண்ணாடியா?” அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “ஏய், கண்ணாடில வச்சிருக்காங்களாம்!” என்று அம்மாவிடம் சொன்னார். “கீழ வுழுந்தா என்னாத்துக்கு ஆவும்? அமெரிக்காக்காரனுக்கு இது தெரியலியே.”

அவரிடம் அப்போது சொல்லியிருக்க வேண்டும். இல்லையென்றால் ஊருக்கு வந்த பிறகாவது சொல்லியிருக்க வேண்டும். பண்டிகைக்கு முன் நான்கு நாள் வீட்டில் இருந்தேன். சொன்னால் பேச வேண்டாம் என்பார் என்று தெரியும். அவர் வேண்டாம் என்றால் என்னால் பேச முடியாது என்றும் தெரியும். சபைக்கு முன்னால் செய்ததைச் சபைக்கு முன்னால்தான் திருத்த வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது நியாயம்போல இருந்தது. பேசப்போவதை வரிசைப்படுத்தி எழுதி, மடித்து, பைக்குள் வைத்துக்கொண்டேன்.

பண்டிகை அன்று திருவிருந்தோடு ஆராதனை முடிந்ததும் செக்ரட்டரி என்னை மைக்குக்குக் கூப்பிட்டார். பின்னால் பந்தலில் பிரியாணி இறக்கியிருந்தார்கள், வாசனை உள்ளே வந்துகொண்டிருந்தது. அறைகளையும் எண்களையும் சொன்னேன். இடம் ஒதுக்கிய கமிட்டியைச் சொன்னேன். தனிப்படியையும் பரணையும் சொன்னேன். வெள்ளிப் பாத்திரத்தையும் கண்ணாடிக் கிண்ணத்தையும் சொன்னேன், மில் தொழிலாளிகள் வந்த வருஷத்தைச் சொன்னேன். கடைசியில் சொன்னேன்:

“சில வருஷத்துக்கு முன்ன நானும் இதே இடத்துல நின்னு கிருமின்னுதான் சொன்னேன். நான் சொன்னதுல தப்பு இல்ல. ஆனா நீங்க கேட்டது கிருமிக்காக இல்ல. அப்ப இருந்த ஐயா கடைசி பெஞ்சை முதல்ல கூப்பிட்டாரு. அதுக்காகத்தான் கிண்ணம் வந்துச்சு. அதுக்கு நான் துணை போயிட்டேன். என்னை மன்னிச்சிடுங்க. நாம திரும்ப ஒரே பாத்திரத்துல குடிக்கணும்.”

இப்போது ஏதாவது நடக்கும் என்று நினைத்தேன். யாராவது எழுந்து கத்துவார்கள், அல்லது யாராவது அழுவார்கள். இரண்டுக்கும் நான் தயாராக இருந்தேன்.

செக்ரட்டரி மெதுவாக எழுந்து வந்து மைக்கை வாங்கினார். அவர் முகத்தில் கோபம் இல்லை.

“பாப்பா எவ்ளோ அழகா எடுத்துச் சொல்லிச்சு, பாத்தீங்களா? அவ்ளோ பழைய சபை. விசுவாசத்துக்காகக் கடலைத் தாண்டுனவங்க. அவங்களே யோசிச்சு, சரின்னு பட்டு, தனித்தனிக் கிண்ணத்துக்கு வந்திருக்காங்க. யாருக்கு எந்த எடம்னு அங்கயும் ஒரு ஒழுங்கு இருந்திருக்கு. நாம ஏதோ புதுசா தப்பு பண்ணிட்டோம்னு சில பேரு வெளிய பேசுனாங்க. இப்ப நம்ம புள்ளையே நேர்ல போய்ப் பாத்துட்டு வந்து சாட்சி சொல்லிடுச்சு. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.”

“ஸ்தோத்திரம்” என்றது முன்பெஞ்சு. தலைகள் ஆடின.

வலதுபக்கம் இரண்டாவது வரிசையிலிருந்து ஒருவர், “அப்ப நாமளும் ஒரு மாடி கட்டிடலாம் சார். எடம் பத்தும்” என்றார். நல்ல மனதோடு சொன்ன தமாஷ் என்று அவர் நினைத்திருக்கலாம். நிறையப் பேர் சிரித்தார்கள். “சாப்பாடு ஆறுது, ஜெபத்த முடிங்க” என்று இன்னொருவர் குரல் கொடுத்தார்.

நான் பின்பெஞ்சுகளைப் பார்த்தேன். எங்கள் ஆட்கள் யாரும் சிரிக்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா காலித் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கடைசிப் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல நின்றார்.

பந்தியில் எங்கள் தெருப் பையன்கள் நாலைந்து பேர் அவருக்கு எதிரில் உட்கார்ந்தார்கள். “என்னா பெரீப்பா, கிருமியெல்லாம் ஒழிஞ்சுதா?” என்றான் ஒருவன். “நம்மளத் தள்ளி வைக்க நம்ம பெரீப்பாவே சட்டி செஞ்சு குடுத்திருக்காரு பாரேன்” என்றான் இன்னொருவன். அப்பா இலையைப் பாதியில் மடித்துவிட்டு எழுந்தார்.

வீட்டில் அவர் சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். “எங்கிட்ட மொதல்ல சொல்லியிருக்கலாம் நீ” என்றார்.

“சொன்னா வேணாம்னிருப்ப.”

“ஆமா. வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்.”

“உனக்குக் கஷ்டமா இருக்கும்னு தெரியும்ப்பா. ஆனா உண்மை தெரியாம நீ...”

“எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச?”

நான் அவருக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

“கிண்ணம் எப்டி இருக்கணும்னு அந்தாளு ஒரு வார்த்த சொல்லல. உயரம் என்னா, அகலம் என்னா, ஒண்ணும் கேக்கல. தட்டு ரெண்டு வேணும், அத மட்டும் அழுத்திச் சொன்னாரு. ஒண்ணு அங்கேர்ந்து, ஒண்ணு இங்கேர்ந்துன்னாரு. இதுக்குப் படிக்கணுமா?” அவர் குரல் உயரவே இல்லை. “அவங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். நம்ம தெருவுல பெரியவங்க எல்லாருக்கும் தெரியும். யாரும் வாயத் தொறக்கல. தொறக்காத வரைக்கும் நான் கிண்ணம் செஞ்சவன். இப்ப யாரு?”

“தப்பு அவங்களோடதுப்பா.”

“அவங்க சிரிச்சுட்டுச் சாப்புடப் போயிட்டாங்க. நீ சொன்னது யாரு மேல வுழுந்துச்சுன்னு பாத்தியா?”

அம்மா உள்ளேயிருந்து, “விடுங்க. புள்ள நல்லதுன்னு நெனச்சுத்தான பேசுச்சு” என்றாள்.

“அதுல ஒண்ணும் கொறையில்ல” என்றார் அப்பா. “மொதல் தடவையும் நல்லதுன்னு நெனச்சுத்தான் பேசுச்சு.”

அடுத்த மாதம் அவர் தட்டுகளையும் கிண்ணங்களையும் துணியில் சுற்றிக் கொண்டுபோய்ச் செக்ரட்டரி வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். கழுவ உடம்புக்கு முடியவில்லை என்று சொன்னாராம். செக்ரட்டரி இன்னும் கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ளும்படி ஒரு தரம் சொல்லிப் பார்த்திருக்கிறார். இரண்டாம் தரம் சொல்லவில்லை. கமிட்டி கூடி, பாண்டிச்சேரியிலிருந்து பிளாஸ்டிக் கிண்ணங்கள் வரவழைத்தது. குடித்துவிட்டு எறிந்துவிடலாம், கழுவ வேண்டியதே இல்லை. சுகாதாரத்துக்கு இதுதான் மேல் என்று கூட்டத்தில் பேசிக்கொண்டார்களாம். அம்மா போனில் சொன்னாள்.

டிசம்பரில் லீவு போட்டு வந்தேன். முதல் ஞாயிறு. தட்டுகள் இரண்டும் முன்போலவே இரண்டு முனையிலிருந்தும் கிளம்பின. பின் தட்டை வேறொருவர் எடுத்து வந்தார். அப்பா தன் இடத்தில், ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். தட்டு வந்தபோது எடுத்துக்கொண்டார், குடித்தார், எறிய வேண்டிய பையில் போட்டார். நான் எடுக்கவில்லை. தட்டைப் பிடித்திருந்தவர் ஒரு விநாடி காத்திருந்துவிட்டு, எனக்கு வயிறு சரியில்லை என்று எண்ணிக்கொண்டவர்போல அடுத்தவளிடம் நகர்ந்தார்.

வெளியே வந்ததும் அப்பா, “நீ ஏன் எடுக்கல?” என்று கேட்டார்.

“எடுக்கத் தோணலப்பா.”

“உனக்கு அது முடியும்” என்றார். “நீ நாளைக்குச் சென்னைக்கு பஸ் ஏறிடுவ.”

செக்ரட்டரி மணிக்கூண்டுக்குக் கீழே நின்று எல்லாருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கும் கொடுத்தார். நான் எடுத்து வந்த போட்டோக்களில் ஒன்றைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, உள்ளே மாட்டப் போவதாகச் சொன்னார். எதை என்று கேட்டேன். வெளிச்சுவர்தான், வெயிலில் அவ்வளவு வெள்ளையாக இருக்கிறதே என்றார். அப்பா அதற்குள் கேட்டைத் தாண்டியிருந்தார். முன்பெல்லாம் இரண்டு பேர் நிறுத்திப் பேசாமல் அவரால் அந்தக் கேட்டைத் தாண்ட முடியாது.